ரோந்து நோட்டு

ஐப்பசியில் ஒரு லாரி வந்து
பெரிய வீட்டு நிலைக்கதவைப் பெயர்த்துப் போன பிறகுதான்
இலந்தைக்குடிப்பட்டிக்கு ரோந்து வந்தது.
வீட்டுக்கு ஓர் ஆள், முறை வைத்து.
நாலு டார்ச், இரண்டு விசில்,
ஒரு நாற்பது பக்க நோட்டு.
ரேஷன் கடையில் பில் போடுகிற கை என்பதால்
நோட்டு என்னிடம்.

தேதி. நேரம். வீடு. சந்தேகம்.
கட்டம் போட்டதும் நான்தான்.

பூட்டிய வீடுகள் முப்பத்தொன்று.
ஒரு தெருவில் முகப்பு, மறு தெருவில் கொல்லை.
கதவை இழுத்துப் பார்ப்போம்,
பூட்டு பதில் சொல்லும்,
அடுத்த வீடு.

பதினோராம் ராத்திரி, மழை விட்டு ஓடு சொட்டுகிற நேரம்,
மு.ரு. வீட்டு மச்சில் யாரோ நடந்தார்கள்.
செருப்பில்லாத நடை.
நின்று, கேட்டு, மறுபடி நடக்கிற நடை.
இருபது வருஷமாய் அடுப்பெரியாத வீட்டிலிருந்து
சோறு வடிக்கிற வாசம் வேறு.
சேவுகன் விசிலை வாயில் வைத்தான்,
ஊத மறந்தான்.

கோலாலம்பூரை எழுப்பி உத்தரவு வாங்கினோம்.
கணக்கப்பிள்ளை வெள்ளைக்கண்ணு சாவிக்கொத்தோடு வந்தார்.
வளவெல்லாம் மழைத்தண்ணி.
இரண்டாங்கட்டில் வௌவால் நெடி.
மச்சு ஏணியில் ஒன்பதாம் படி இல்லை;
அடைக்கலமேரிதான் உலக்கையோடு முதலில் ஏறினாள்,
ஏறியவள் உலக்கையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கரிமூஞ்சி மரநாய்.
வயிற்றடியில் மூன்று குட்டி, கண் திறக்காதவை.
படுத்திருந்தது
பர்மாக் கடைப் பேரேட்டைக் கிழித்துக் கிழித்து
பஞ்சாக்கிய மெத்தையில்.
விளிம்பில் கிடந்த ஒரு துண்டை எடுத்துப் படித்தேன்:
"மோல்மேன் கடை, மாசி 4, வரவு"
தொகை இருந்த இடம்
ஈரமாய், இளஞ்சூடாய் இருந்தது.

சந்தேகம் என்ற கட்டத்தில்
அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

விடிந்ததும் கோலாலம்பூர் சொன்னது: மருந்து வையுங்கள்.
"லைன் சரியில்லைங்க" என்று
வெள்ளைக்கண்ணு போனை வைத்துவிட்டார்.
அவர் போனில் லைன் இன்றைக்கு வரை சரியாகவில்லை.

தை மாதம் கண்மாய்க்கரைக் காரைப்புதருக்குள்
ஆறு சுருக்கு. சைக்கிள் பிரேக் கம்பி.
ஒன்றில் முயல், எறும்பு மொய்த்து.
அதிலிருந்து ரோந்து கண்மாய் வரை நீண்டது,
நோட்டில் ஒரு கட்டம் கூடியது.
லாரிக்காக வாங்கிய விசில்
முதன்முதலில் ஊதியது ஒரு சாக்குமூட்டைக்கு:
உள்ளே உடும்பு,
வாலை முதுகோடு சேர்த்துக் கட்டி.
பைக்கில் வந்தவன் பொன்னழகுவின் மச்சினன்.
திருப்பத்தூரிலிருந்து வனத்துறை ஜீப் வரும்வரை
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
பொன்னழகு நாலு முறைக்கு வரவில்லை.
ஐந்தாம் முறைக்கு வந்தான்,
டார்ச்சை மட்டும் கேட்டு வாங்கினான்.

நேற்று ஜெய்லானி பஞ்சாயத்துக்கு வந்து நின்றார்,
கையில் இறகு.
"முட்டையிடுற கோழி. ஊர்தானே காவல் காக்குது?
ஊரே கொடுக்கட்டும்."
வாதாடிப் பார்த்தோம். நியாயம் அவர் பக்கம்.
ரோந்து நிதியில் முந்நூறு ரூபாய் எழுதிக் கொடுத்தோம்.

பொருள்: கோழி, ஒன்று.
எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
மு.ரு. வீட்டார்.