செவ்வாய்க்கிழமைக் குப்பை

இன்சூரன்ஸ்காரன் போனில் இரண்டு தரம் சொன்னான்:
அடிபட்ட காரில் இருந்த பிள்ளை ஆசனத்தை
இனி ஒருவருக்கும் கொடுக்காதே.
உள்ளே வெடித்திருக்கும், வெளியே தெரியாது.

மக்கோவன் வீதியில்
பனியில் வழுக்கி, நின்ற பஸ்ஸில் முட்டினேன்.
ஓட்டியது நான்தான்.
ஆரணன் கையில் இருந்த பிஸ்கட்
முன்கண்ணாடி வரை பறந்தது.
அவன் பறக்கவில்லை.

அன்று காலை
அவனுடைய தடித்த ஜாக்கெட்டைக் கழற்றித்தான்
பெல்ற் போட்டேன்.
மைனஸ் பதினெட்டு.
வீரிட்டு அழுதான்.
பக்கத்துக் கார்க்காரி என்னைப் பார்த்த பார்வை!
பஞ்சு ஜாக்கெட்டுக்கு மேல் போட்டால்
இறுக்கம் பொய் என்று
அவளுக்கு யார் சொல்வது?
கிளிப்பைக் கக்கத்து உயரத்துக்கு ஏற்றி,
தோளில் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தேன்.
நாடா விரலுக்குள் வரவில்லை.
அப்போதுதான் ஜாக்கெட்டால் போர்த்தினேன்.

இப்போது கராஜில்
மீன் வெட்டும் கத்தரிக்கோலோடு குந்தியிருக்கிறேன்.
வெட்டாமல் வெளியே வைத்தால்
விடியுமுன் யாராவது தூக்கிப் போவார்கள்.
வந்த முதல் வருஷம்
நானும் தூக்கியிருப்பேன்,
கடவுள் தந்தது என்று.

அறுபடுகிறதாயில்லை.
ஒவ்வொரு நாராய்
என்னோடு மல்லுக்கட்டுகிறது.
என் தோளிலும் ஒரு கோடு,
நீலம் மாறி மஞ்சளாகிறது.
மடிப்புக்குள் பிஸ்கட் தூள்.
தட்டவில்லை.

நாலு நாடாவும் அறுந்த பிறகு
கறுப்பு மாக்கரால் ஆங்கிலத்தில் எழுதினேன்.
உள்ளே போய்,
திரும்பி வந்து,
தமிழிலும் எழுதினேன்:
அடிபட்டது. எடுக்காதேங்கோ.