நாற்பது நிமிடம்

புல்மோட்டை மணலைத் தொடவில்லை.
புட்டியில் வந்த வெள்ளைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு,
நூற்றுக்கு மூன்று இரும்பு.
சித்திரிக்கமிலத்தில் குழைத்து, குழாய் உலையில் சுட்டபோது
நனைந்த நிலாவெளி மணலின் நிறம்.

"இரும்பு முழுவதும் மூன்றாம் ஒட்சியேற்ற நிலை" என்று
ஆய்வுச் சுருக்கத்தில் எழுதியாயிற்று.
முஃப்லிஹாதான் கேளாமல் பொடியைப் பொதிசெய்து
கடல் கடந்து அனுப்பினாள்.

அங்கே மோஸ்பௌவர் கருவியில்
காமாக் கதிர் மூலம் முன்னும் பின்னும் அசையுமாம்,
செக்கனுக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்.
எங்கள் மேசை எறும்பு அதைவிட விரைசல்.
அந்த நடைக்குத்தான்
இரும்பு வாய் திறக்கும்.

வந்த வரைபடத்தில்
பெரிய இரட்டைப் பள்ளம், நாங்கள் சொன்னபடியே.
வலப்பக்கம், இரண்டைத் தாண்டும் இடத்தில்
சின்னதாய் ஒரு சரிவு.
எட்டு வீதம். இரண்டாம் நிலை.

"கருவிப் பிழையாய் இருக்கும்" என்றார் சேர்.
முஃப்லிஹா குறிப்பேட்டைத் திறந்தாள்:
'காற்றோட்டம் ஆறு மணித்தியாலம், தடையின்றி.'
என் கையெழுத்து.

அன்றிரவு கரண்ட் போனது.
ஜெனரேற்றர் உலையைப் பிடித்தது;
காற்றுப் பம்பின் பிளக் வேறு சுவரில்.
நான் உப்புவெளிச் சந்தியில்
கொத்துரொட்டிச் சத்தத்துக்குள் நின்றேன்.
வந்து பிளக்கை மாற்றினேன், எழுதவில்லை.

கரிப்புகைக்குள் மூச்சுமுட்டி
நூறில் எட்டு இரும்பணு
ஆளுக்கோர் இலத்திரனை வாங்கிக்கொண்டது.
ஏழு மாதமாகியும் திருப்பிக் கொடுக்கவில்லை.

முஃப்லிஹா ஒன்றும் கேட்கவில்லை.
பேனையை மட்டும் என் பக்கம் உருட்டினாள்.
'தடையின்றி'யை வெட்டினேன்,
ஒற்றைக் கோட்டால்,
கீழே சொல் தெரியும்படி.