கீழ் வீடு

ஏழு தொட்டிகளையும்
மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி வைத்தபோது
குட்டியானை டிரைவர் கேட்டார்:
"பூச்செடிக்கெல்லாமாம்மா வண்டி புடிப்பாங்க?"
பீரோ, கட்டிலுக்கு ஒரு நடை. ரோஜாவுக்கு ஒரு நடை.
இரண்டாவதில் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்.

கொளத்தூரிலிருந்து சேலையூர் வரை,
காற்றென்றால் என்னவென்றே அறியாத செடிகள்
ஒன்றையொன்று முள்ளால் பிடித்துக்கொண்டு வந்தன.
பல்லாவரம் மேம்பாலத்தில்
பன்னீர் ரோஜா தன் ஒரே மொட்டை
ஏதோ ஒரு லாரிக்குக் கொடுத்துவிட்டது.

பால்கனி வெயில் தெரியுமா உங்களுக்கு?
எதிர் அபார்ட்மெண்டின் தண்ணீர்த் தொட்டிக்கும்
பக்கத்து பிளாக்கின் டிஷ் ஆண்டெனாவுக்கும் நடுவே
ஒன்பதே காலுக்கு எட்டிப் பார்த்து
பத்தரைக்குப் போய்விடும்.
அதில் வளர்ந்ததை நேரே வெட்டவெளியில் வைத்தால்
தை மாதத்தில்கூட இலை கருகும் என்றார் நர்சரிக்காரர்.
"வெயிலையும் பழக்கணும்மா."
முருங்கை நிழலில் நான்கு நாள்.
காலை வெயிலில் மட்டும் நான்கு நாள்.
மத்தியானம் தூக்கி உள்ளே. விடிந்ததும் வெளியே.
புதுப் பள்ளியில் பிள்ளையை விட்டவள்போல
வாசற்படிவரை வந்து வந்து
திரும்பிப் பார்த்தேன்.

கதிரேசன் குழி தோண்டினார்.
டைல்ஸ் துண்டு வந்தது, கிளிஞ்சல் வந்தது,
மங்காத சிப்ஸ் கவர்,
இடது காலுக்கு மட்டும் ஒரு குழந்தைச் செருப்பு.
"மண்ணைத் தவிர எல்லாம் இருக்கு" என்று
செம்மண் மூட்டைக்குப் போன் செய்தார்.

சிமெண்ட் தொட்டியைச் சுத்தியலால் தட்டினேன்.
ஓடு விழுந்தது.
உள்ளே இன்னொரு தொட்டி நின்றது,
முழுக்க வேரால் முடைந்தது.
விளிம்பு, வளைவு, அடிப்பக்க ஓட்டை வரைக்கும்
அச்சு பிசகாமல்.
ஐந்து வருடம் சுற்றிச் சுற்றி வந்து
சுவரை மனப்பாடம் செய்திருக்கிறது செடி.

பிரித்துவிடணும் என்றார்.
நீங்களே பிரியுங்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
டீ போடப் போய்விட்டார்.
சிக்கு விழுந்த தலைக்குள் விடுவதுபோல
நான்தான் விரல்களை விட்டேன்.
வேர் அறுவதற்குச் சன்னமாய் ஒரு சத்தம் உண்டு.

மஞ்சள் ரோஜா பிழைக்கவில்லை.
அதன் ஒட்டுக்குக் கீழிருந்து ஏதோ துளிர்க்கிறது,
ஏழேழு இலையாய், வேறு யாரோபோல.
வெட்டிவிடச் சொல்கிறார்கள்.
இருக்கட்டும் என்றிருக்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம்
பழக்கத்தில் ஒரே ஒரு மக் ஊற்றினேன்.
காணோம்.
இன்னொன்று. அதையும் காணோம்.
அங்கே ஒரு மக்கைத் தாண்டினால்
அடியோட்டை வழியே செந்நீர் சொட்டி
இரண்டாம் மாடி ஹெலன் அக்காவின்
வெள்ளை நர்ஸ் கோட்டில் இறங்கும்.
"மேல் வீடு! தண்ணி!"
தெருமுனைப் பால் பூத் வரை கேட்கும் குரல்.
வாரம் இரண்டு சண்டை.
கிறிஸ்துமஸுக்கு மட்டும்
அச்சு முறுக்கு மேலே வரும்,
மறுநாள் காலியான டப்பாவில்
இரண்டு ரோஜா கீழே போகும்.

ஐந்தாவது மக்கையும் குடித்துவிட்டு
மண் இன்னும் வாய் திறந்தே கிடக்கிறது.
இருட்டிவிட்டது. கொசு.
காலி மக்கோடு நிற்கிறேன்,
எங்கேயாவது சொட்டும் என்றும்
உடனே ஒரு ஜன்னல் திறக்கும் என்றும்.

அக்கா,
இங்கே கீழே யாருமில்லை.