துடைத்துக் கொடுத்தல்

பிர்னோவில் பிப்ரவரி.
பன்னிரண்டாம் எண் டிராம் கண்ணாடியெல்லாம் ஆவி பூத்துத் திரும்புகிறது.
யார்மிலா இன்னும் அலுவலகத்தில்.

கெர்னலின் அடித்தளத்தில் ஒரு சிறு நிரல் அவள் பொறுப்பு.
அதற்கு ஒரே வேலை:
ஒருவர் விட்டுப்போன நினைவகத்தை
அடுத்தவர் கையில் தரும் முன்
பூச்சியத்தால் நிரப்புவது.

பழைய நிரல் ஒவ்வொரு பைட்டாய் நிரப்பியது,
ஒற்றை விரலால் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல.
எட்டெட்டாக்கினாள். பிறகு முப்பத்திரண்டாக.
வரம்பில் உட்காராத ஓரங்களை மட்டும்
தனியே மடித்துத் தைத்தாள்.
பெரிய பக்கங்கள் பறந்தன.
ரதோவான் அன்று காபி வாங்கித் தந்தான்.

மறுநாள் அளந்தால்
இயந்திரம் முன்னைவிடத் தாமதமாகக் கண் விழிக்கிறது.

எண்ணிப் பார்த்தாள்.
நிரப்பு நிரப்பு என்று வந்த அழைப்புகளில்
பத்துக்கு எட்டு முப்பத்திரண்டு பைட்டுக்கும் கீழே.
ஒரு தம்ளர் கழுவ
தீயணைப்பு வண்டியை வரவழைத்திருக்கிறாள்.

சிறியவற்றுக்கு வாசலிலேயே ஒரு குறுக்குவழி திறந்தாள்.
எல்லாம் சரியானது, ஓரிடம் தவிர.

கடவுச்சொல்லை அழிக்கும் வரி:
எடுத்த நேரம் சுழி.
எவ்வளவு வேகமானாலும் சுழி ஆகாதே.
பிரித்துப் பார்த்தாள். இயந்திர மொழியில்
அந்த வரியே இல்லை.

கம்பைலரின் வாதம் எளியது.
இதை இனி யாரும் வாசிக்கப்போவதில்லை;
வாசிக்காததை அழிப்பானேன்?

கடவுச்சொல் அங்கேயே கிடந்தது,
ஓர் எழுத்தும் கலையாமல்.

அவள் வீட்டு அழைப்புமணியில்
முன்பு குடியிருந்தவர் பெயர் இன்னும் இருக்கிறது:
லு. ஷ்கர்த்லா.
பதினான்கு மாதமாக அவர் கடிதங்கள் வருகின்றன.
ஒன்றையும் பிரித்ததில்லை.
ஆனாலும் தெரியும், அவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு,
ஒலமோட்ஸில் ஒரு தங்கையோ யாரோ
உறையின் மீது பச்சை மையால் எழுதுகிறாள்.

பத்தரை மணிக்கு ஒரு வரி சேர்த்தாள்.
எதுவும் செய்யாத வரி.
யாரோ வாசிக்கப்போகிறார்கள் என்று
கம்பைலரிடம் சொல்வது மட்டுமே அதன் வேலை.
நம்பியது.
இருபத்து நான்கு பைட்டும் பூச்சியமாயின.
நான்கு நானோவினாடி இழப்பு.

பக்கத்தில் குறிப்பெழுதினாள்:
இதை வேகமாக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து தபால் பெட்டியைத் திறந்தாள்.
அவளுக்கு ஒன்றுமில்லை.
ஷ்கர்த்லாவுக்கு ஒன்று,
பச்சை மையில்,
இந்தமுறை எழுத்துகள் பெரிதாக.