பதினோரு மணிநேரம்

மூன்றாம் பக்கத்து மை
ஆற்றோடு போயிருந்தது.
"கையெழுத்து எங்கடே?" என்றார் தேர்வாளர்.
ராஷ்டிரபதி விருதுக்கு
இன்னும் பதினோரு மணிநேர சேவை குறைகிறதாம்.

குழித்துறை ஆறு வீடேறிய ராத்திரி
முகாமில் கஞ்சி விளம்பியதைச் சொன்னான் ஷிபின்.
மற்றதைச் சொல்லவில்லை.
"ஸ்கார்ஃப்?"
"காயப் போட்டிருக்கு சார்."

பொய்.
வைக்கல்லூரில் ஒரு கழுத்தில் தொங்குகிறது அது,
வர்ம வைத்தியரின் எண்ணெய்க் கறையோடு,
அவன் போட்ட முடிச்சு அவிழாமல்.

ரப்பர் பால் வெட்டும் செல்லையன்,
வலது கை ஒடிந்தவர்,
வள்ளத்திலிருந்து இறங்கியதும்
இடது கையை நீட்டினார்.
சாரணர்கள் அப்படித்தான் கைகுலுக்குவார்கள் என்று
அவருக்குத் தெரியாது.

ஷிபின் விறைத்து நின்று குலுக்கினான்,
சட்டைப்பையில்
பேனா ஒழுகிக்கொண்டிருந்தது.