ஐந்து மணி

எண்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூடு.
உள்ளே நான், இரண்டு கைப்பிடிகள்,
காலுக்குக் கீழே கப்பல்.
கிழக்கே கொட்டாஞ்சேனை
நனைந்த சாக்கைப் போலச் சுருண்டு கிடக்கும்.
அந்த இருட்டில் என் வீட்டுக்கு ஒரே அடையாளம்
நங்கூர மாதா கோயிலின் கோபுரம்.

இரண்டே காலுக்கு
அதன் தோளில் ஒரு மஞ்சள் புள்ளி.
திருவிழாவுக்கு லைட் போட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.
திருவிழா ஓகஸ்டில்.
இது பெப்ரவரி.

வாக்கியில் கத்தினேன்.
கீழே லொறி எண்ணுகிற துவான் சப்ரீன்
"அடிச்சுச் சொல்லியாச்சாம்" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"நீ பெட்டியை இறக்கு."

இறக்கினேன்.
விடியுமுன் புறப்பட வேண்டும் கப்பல்.
முகடு உள்ளே விழுந்த நேரம்
என் கொளுக்கியில் ஒரு நாற்பதடிப் பெட்டி.
அது ஆடாமல் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.
ஆடவில்லை.

ஓவர்டைம் முடிந்து ஏழு மணிக்குப் போனால்
ஒழுங்கை நிறையச் சனம்.
எல்லார் வாயிலும் முதலில் வந்தது ஒரே கேள்வி.
குண்டா?
அந்த ஏப்ரலுக்குப் பிறகு
இந்த ஊரில் புகைக்கு வேறு பெயர் கிடையாது.
இல்லை, ஒயர். பழைய ஒயர்.
பீடத்துக்குப் பின்னால் எலி கடித்தது
என்றார் தீயணைப்புக்காரர்.
சனம் மூச்சு விட்டது.
விட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.
கோபிக்க ஆள் இல்லாத இழவு
கையில் கொடுத்த பிள்ளையைப் போல,
எங்கே இறக்கி வைப்பது?

குசுமலதா விகாரைக்கென்று கொண்டுவந்த தாமரைகளை
மஞ்சள் நாடாவுக்குக் கீழே வைத்துவிட்டு
வெறும் கூடையோடு திரும்பிப் போனாள்.
பள்ளிவாசல் பக்கத்துக் கடையிலிருந்து
வாளியில் பிளேன்டீ வந்தது. யாரும் காசு கேட்கவில்லை.
மொராயஸ் வீட்டு மூத்த பெண்
தான் கலியாணம் முடித்த இடம் எது என்று
கரிக்குள் விரல் நீட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.
புருஷன் அவளை விட்டுப்போய்ப் பதினொரு வருஷம்.
ஒருவன் பிஸ்கட் டின்னில் சாம்பல் அள்ளினான்.
பொலிஸ் பார்த்தும் பாராமல் நின்றது.

நானும் அழுதேன்.
டீவிக்காரப் பையன் மைக்கை நீட்டினான்:
"நீங்கள் இந்தக் கோயில் ஆளா?"
என் நெற்றியில் நேற்றைய திருநீறு.
"எதிர்வீடு" என்றேன்.

அதற்கு மேல் சொல்லவில்லை.
இரவு வேலை முடிந்து நாலரைக்குப் படுப்பேன்,
ஐந்துக்கு மணி அடிக்கும்.
முப்பத்திமூன்று அடி. எண்ணியிருக்கிறேன்,
தலையணைக்குள் முகம் புதைத்து, பல்லைக் கடித்து.
போன வருஷம் மாநகரசபைக்கு ஒரு மனு எழுதினேன்.
பிரதி, பங்குத் தந்தைக்கு.
பத்தொன்பது கையெழுத்து.
முதல் கையெழுத்து என்னுடையது.

மணி அடிக்கிற நீக்கிலாஸ்
கருகிய வாசற்படியில் குந்தியிருந்தார்.
ஒரு காலில் மட்டும் செருப்பு.
என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.
நெடுநேரம் கழித்து,
ஏதோ கணக்கு ஒப்புவிக்கிறவர் மாதிரிச் சொன்னார்:
"உங்கட கடிதம் ஃபாதரின்ர லாச்சியிலதான் இருந்தது.
அதுவும் போச்சு."

மணி இரண்டாகப் பிளந்து
புல்லில் கிடந்தது.
அதன் மேல் யாரோ சோக்கால் ஒரு இலக்கம் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் லீவு எடுத்தேன்.
தூங்கலாம், தடுக்க எதுவுமில்லை.
நாலு ஐம்பத்தெட்டு.
நாலு ஐம்பத்தொன்பது.
எழுந்து யன்னலைத் திறந்தேன்.
ஒரு காகம்கூட இல்லை.
எதிர்மாடியில் லைட் எரிந்தது.
அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.
பிறகு ஒழுங்கை நெடுக,
மனுவில் கையெழுத்து வைத்த வீடுகளிலும்,
யாரும் எழுப்பாமலே.