இதர

வங்கியில் அந்தப் பையன் கேட்டான்:
"மேடம், உங்க கம்பெனி என்ன செய்யுது?"

எதுவும் செய்வதில்லை, தம்பி.
கொழும்பில் வால்வு செய்கிறார்கள்.
பினாங்கில் ரப்பர் வளையம்.
மொம்பாசாவில் ஒரு கிடங்கு,
மொரீஷியஸில் ஒரு தபால் பெட்டி.
நாங்கள் லிங்கிச் செட்டித் தெருவில்
லிஃப்ட் நின்றுபோன மூன்றாம் மாடியிலிருந்து
இவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.
அவ்வளவுதான்.

அவன் யோசித்துவிட்டுப் படிவத்தில்
'இதர' என்ற கட்டத்தில் டிக் அடித்தான்.

தொண்ணூற்று மூன்றில் நான் சேர்ந்தது
சரக்கு ரசீது தட்டச்சு செய்ய.
நாலு கார்பன், ஐந்து தாள்.
ஐந்தாவதில் எழுத்து ஆவியைப் போல நிற்கும்.
அதைத்தான் எனக்குச் சரிபார்க்கத் தருவார்கள்.
மங்கலைத் தப்பில்லாமல் படிப்பவள்
என்று மெல்லப் பெயர் வந்தது.

மீதியெல்லாம் எட்டேகால் ரயிலில் படித்தது.
பல்லாவரம் முதல் பீச் வரை
ஒரு கை தொங்கும் பிடியில்,
மறுகையில் கம்பெனிச் சட்டம்.
பழவந்தாங்கலில் ஏறுகிற ஒருத்தி
மடியில் கீரை ஆய்ந்துகொண்டே வருவாள்.
இயக்குநர் கடமைகள் பகுதியைத் திறந்தால்
இன்றும் உதிரும்
காய்ந்த முருங்கை இணுக்கு.

நாற்காலி திறமையால் வந்தது
என்று சொல்ல ஆசைதான்.
அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.
பெரியவர் தணிகாசலம் கீழ்ப்பாக்கத்தில்,
சின்னவர் சபாபதி சிங்கப்பூரில்.
வீட்டைப் பிரித்தார்கள். வைரத்தைப் பிரித்தார்கள்.
அம்மாவின் மூக்குக்கண்ணாடி ஒருவருக்கு,
அதன் கூடு ஒருவருக்கு.
கம்பெனிகளைத்தான் பிரிக்க முடியவில்லை,
ஒன்றின் கடன் இன்னொன்றின் சொத்து.
மேலே ஒரு காகிதக் கூரை போட்டு
எல்லாவற்றையும் அதன் கீழ் தள்ளினார்கள்.

யாரை உட்காரவைப்பது?
"நீ அவன் ஆள் இல்லியே?" என்றார் பெரியவர்.
"நீங்க அண்ணன் ஆள் இல்லியே?" என்றார் திரையில் சின்னவர்.
இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.
அதுதான் நேர்முகத் தேர்வு.

ஹெப்சிபா தங்கையா, மேலாண்மை இயக்குநர்.
பலகை எழுதியவர் கடைசித் துணைக்காலை விட்டுவிட்டார்.
இரண்டு மாதம்
காலில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் கையெழுத்து மொம்பாசாவுக்கு.
மூன்று வருட நஷ்டம்,
எக்செலில் ஒரே ஒரு சிவப்புக் கட்டம்.
கிடங்கு மேற்பார்வையாளர் ஒதியாம்போ
தொலைபேசியில் முதலில் கேட்டது,
"அங்கே மழையா? சத்தம் கேட்கிறதே."
டிசம்பர். பர்மா பஜார் பக்கம் முழங்கால் தண்ணீர்.
ஆமாம் என்றேன்.
பிறகு பதினோரு பேரின் பெயரை
ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்,
நான் எழுதிக்கொள்ள வசதியாக.
எழுதிக்கொண்டேன்.
எதுவுமே மங்கலாக இல்லை.

நாற்பது நாள் கழித்துக் கூரியரில்
ஏழு சாவிகள் வந்தன.
கயிற்றில் கோத்து,
ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, எண் போட்டு.
மீனம்பாக்கம் சுங்கத்தில் கேட்டார்கள்: பொருளின் மதிப்பு?
பூட்டுகள் விற்றாயிற்று,
கதவை இந்நேரம் பெயர்த்திருப்பார்கள்.
பூஜ்யம் என்றால் சந்தேகப்படுவார்கள்.
அறுநூறு என்று எழுதி
வரி கட்டி
வாங்கி வந்தேன்.

அவை என் மேசை இழுப்பறையில்.
பங்குதாரர் கூட்டத்தில் பேனாவுக்காக இழுத்தபோது
பெரியவர் நிமிர்ந்தார்.
"என்னம்மா கிலுகிலுங்குது?"
"பினாங்கு சாம்பிள் சார்" என்றேன்.
ரப்பர் கிலுகிலுக்காது.
ஆனாலும் அவர் தலையாட்டினார்.
திரையில் சின்னவரும் தலையாட்டினார்.

ஆறு வருடத்தில் அவர்கள் இருவரும்
ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.